மோரிஸ் மைனரைத் தொட்டுப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

கோவையில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. பழைய கார்கள் என்றால் எனக்குப் பைத்தியம்தான். ஆனாலும் அன்றைக்குத் தாராபுரத்திலிருந்து கிளம்பியது என் நண்பன் மயில்சாமிக்காக.

மயில்சாமி இருபது வருடத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டியவன். நாங்கள் சந்தித்தாலே பேச்சு வண்டிகளைப் பற்றித்தான். அதற்கு முந்தைய ஆடியில் அவனுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அந்த வாரமே காரை விற்றுவிட்டான். கண்காட்சி பற்றி நான் சொன்னதும், "கண்ணுல மிச்சம் இருக்கறப்பவே ஒருக்காப் பாத்துப்போடோணும் மாப்ள" என்றான்.

தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். அன்றைய பேருந்தில் இரண்டரை மணி நேரம். சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். "பழைய வண்டி பாக்கறதுக்குங்களா? நம்ம ஆட்டோவையும் அங்கியே நிறுத்தலாமுங்க" என்று சிரித்தார் ஓட்டுநர். மயில்சாமியும் சிரித்தான். அன்று காலையில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரி மைதானம். நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய். வேப்ப மர நிழலில் வரிசையாகக் கார்கள், சுற்றிலும் கயிறு. நான் படங்களில் மட்டுமே பார்த்திருந்த ஆஸ்டின், ஹில்மேன், நீளமான ஒரு செவர்லே. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மயில்சாமி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கவாட்டுப் பார்வை அநேகமாகப் போயிருந்தது. விளக்கைப் பார்த்தால் சக்கரம் தெரியாது, சக்கரத்தைப் பார்த்தால் கதவு தெரியாது. ஒரு காரைக்கூட அவனால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

செவர்லேயின் மட்கார்டை நோக்கி அவன் கை நீண்டது.

"ஏனுங்க, கயிறு கட்டியிருக்கறது தெரியலீங்களா?" என்று காவலுக்கு நின்றவர் சத்தம் போட்டார்.

மயில்சாமி கையை இழுத்துக்கொண்டான். "தெரியலீங்க" என்றான். உண்மையைத்தான் சொன்னான். அந்த ஆள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு முறைத்தார். நான் வாய் திறப்பதற்குள், "போலாம் மாப்ள" என்று மயில்சாமி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

வரிசையின் கடைசியில் ஒரு மோரிஸ் மைனர். அதைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். வண்டி அவருடையதுதான். நடந்ததைக் கவனித்திருக்கிறார் போல. என்னிடம் மெதுவாக, "அவுங்களுக்குக் கண்ணு...?" என்றார். தலையசைத்தேன். அவர் வேறொன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

"வாங்கண்ணா. கை வெச்சுப் பாருங்க."

மயில்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கிரில்லுக்குள் தாழ்வாகப் பதிந்திருந்த விளக்குகளில் தொடங்கினான். பானெட்டின் வளைவு, இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடி, நடுவில் ஓடிய கம்பி என்று ஒவ்வொன்றாகத் தடவி, வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தான். அந்த அம்மா அவனை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். வண்டி அதிர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மைதானத்துக்குள்ளயே ஒரு ரவுண்டு ஓட்டறீங்களாண்ணா? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவன் கை கியரின் மேல் இருந்தது. மெல்ல அதை எடுத்துக்கொண்டான்.

"வேண்டாங்கம்மா. பக்கத்துல ஆரு வந்தாலும் எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, தானே இறங்கி அடுத்த இருக்கைக்குப் போனான்.

அந்த அம்மா ஓட்டினார். நான் பின்னால் இருந்தேன். முதல் திருப்பத்தில் மயில்சாமியின் வலது கால் வெறும் தரையை அழுத்தியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த திருப்பத்தில் அவன் கால் அழுந்திய அதே நேரத்தில் பிரேக் போட்டார். அதற்கடுத்த திருப்பத்திலும் அப்படியே.

இப்போதும் இத்தகைய கண்காட்சிகள் நடக்கின்றன. போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். நிழலும் இருக்கும், வண்டிக்காரர்களுக்குப் பேசப் பொறுமையும் இருக்கும். பார்வை குறைந்தவரை அழைத்துப் போனால், நீங்கள் முன்னால் போய், தொட்டுப் பார்க்கலாமா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். நான் அன்று கார்களில் மயங்கி அதைச் செய்யத் தவறினேன்.

பொழுது சாய வீடு சேர்ந்தோம். மயில்சாமியின் மனைவி ருக்மணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"எத்தன காருங்க பாத்தீங்க?"

"இவன் எல்லாத்தையும் பாத்தான்" என்று என்னைக் காட்டினான். "நான் ஒண்ணு பாத்தேன். முழுசாப் பாத்தேன்."

ருக்மணி சரி என்று தலையாட்டி, அவன் கையைப் பிடித்துப் படியேற்றினார்.