விளக்குப் போடாத பிறந்தநாள்

என் கணவர் இறந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் காலையிலேயே வந்து நின்றார்.

"கேக்கு கீக்குன்னு ஆரம்பிச்சிறாத லா. துக்க வீடு இது. சனங்க நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க."

வேறொரு சமயமாக இருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மாதங்களில் எதுவுமே உறைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "மா, நீங்களும் நானும் சேர்ந்து ஒரு படம்."

சுற்றுத் தோட்டங்களில் பிறந்தநாள் விருந்துகளுக்குப் படம் எடுத்தவர் அவள் அப்பா. வீட்டிலும் அவர் எடுப்பார், நான் பக்கத்தில் வெள்ளை அட்டை பிடிப்பேன். அதனால் அவளுடைய எந்தப் பிறந்தநாள் படத்திலும் நான் இல்லை.

கோலா பிலா டவுனில் சின்ன கேக் வாங்கி, மோட்டார்சைக்கிள் கூடையில் காய்கறிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தேன். பொழுது சாய்ந்ததும் சன்னலைச் சாத்தி, விளக்கைப் போடாமல் மெழுகுவத்திகளை மட்டும் ஏற்றினேன். ஃபிளாஷ் அடித்தால் வெளியே தெரிந்துவிடும். அவரும் ஃபிளாஷ் போடமாட்டார். முகமெல்லாம் மாவு அப்பின மாதிரி ஆகிவிடும் என்பார். மெழுகுவத்திகளை ஒரு பக்கம் கிட்டத்தில் வைத்து, மறுபக்கம் அட்டையை நிறுத்தினேன். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருட்டுக் கன்னத்துக்கும் வரும். கேமராவைப் பிஸ்கட் டின்மேல் வைத்தேன். அந்தக் குறைந்த வெளிச்சத்தில் படம் பதிய இரண்டு விநாடி பிடிக்கும்.

"மூச்சப் பிடிச்சிக்க. அசைஞ்சா படம் கலைஞ்சிரும்."

தலையாட்டினாள். டைமரை அழுத்திவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு திரையைப் பார்த்தோம். என் முகம் அவ்வளவு தெளிவு, இமைமுடிகூடத் தெரிந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கலங்கல்.

"அசையாதேன்னு சொன்னேன்ல?"

"சாரி மா. உங்களுக்கு முத்தம் குடுத்தேன்."

படத்தைப் பெரிதாக்கினேன். அந்தக் கலங்கல் என் கன்னத்தில் வந்துதான் முடிந்திருந்தது. என் மகள் எனக்கு முத்தம் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே இல்லை.