சூடேறக் காத்திராத பேச்சிமுத்து

பேச்சிமுத்துவுக்கு வேலை தெரியாது என்று மதுரையில் யாரும் சொன்னதில்லை. அவர் வேலையில் இருந்தார் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. பரவையில் அப்பாவின் கத்தரித் தோட்டத்தை ஒரு வெள்ளாமை முடிவதற்குள் விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர், ரேடியோக் கடை, பஞ்சாலை, சினிமாக் கொட்டகையின் புரொஜக்டர் அறை, மறுபடி வேறொரு ரேடியோக் கடை என்று போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முதலாளியும் அவர் கைவேலையைப் புகழ்ந்தார். அவர் கிளம்பியதும் நிம்மதிப் பெருமூச்சும் விட்டார். சண்டை எதுவும் கிடையாது. ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இருந்தால் அந்த இடம் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினாலும் இதே கதை. நிற்கிற பஸ்ஸில் ஏறுவார், புறப்படவில்லையே என்று இறங்குவார், பின்னால் நிற்பதில் ஏறுவார். உடனே முன்னது புறப்பட்டுவிடும்.

எண்பத்தைந்தில் மேலூர் ரோட்டில், நெல் குடோனாக இருந்த ஒரு கட்டடம் பொறியியல் கல்லூரியாக மாறியது. அதன் செயலாளர் உக்கிரபாண்டி நேற்றுவரை அதே குடோனில் நெல் மூட்டை எண்ணியவர். பெங்களூரில் ஏலம் போன, மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய வால்வு ஆசிலாஸ்கோப்புகள் ஆறை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்.

"ஒவ்வொண்ணையும் தூக்க ரெண்டு ஆள் வேணும் மாப்ள. சரக்கு உறுதியாத்தான இருக்கும்?" என்றார் பேச்சிமுத்துவிடம். தரம் பார்ப்பதில் அவருக்குத் தெரிந்த வழி அது.

அந்த ஆறுக்கும் உயிர் கொடுக்கப் பேச்சிமுத்துவைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வரும். அன்றைக்கு ஸ்கோப்புகள் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சிமுத்துவுக்கு மூச்சு முட்டும். அவர் மனைவி பாண்டியம்மாளுக்கோ அதுதான் மூச்சு. செல்லூர் வாடகை வீட்டில் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளை வருசத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறுது. இந்த வேலையும் போச்சுன்னா நானும் அவளும் மேலூர்ல எங்கம்மா வீட்டுல இருந்துக்கிறோம். நீங்க ஊரெல்லாம் சுத்திட்டு என்னைக்காச்சும் வாங்க."

"கோவமாச் சொல்றியா?"

"கோவம்னா கத்தியிருப்பேன்ல."

கத்தவில்லை என்பதுதான் அவரைக் கலக்கியது. மறுநாளிலிருந்து பேய் பிடித்த மாதிரி வேலை பார்த்தார். செத்த கண்டென்சர்களை மாற்றினார். வால்வுக் கால்களில் ஏறியிருந்த களிம்பைச் சுரண்டினார். ஒவ்வொன்றாகத் திரையில் பச்சைக் கோடு எழுந்தது.

வால்வு ஸ்கோப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவிட்சைப் போட்டபின் அரைமணி நேரமாவது சூடேற விடவேண்டும். அதற்கு முன் எதைத் திருகினாலும் வீண். சூடானபின் புரோப்பைச் சரிசெய்யவேண்டும். புரோப் என்பது பேனா போன்ற முனையுள்ள வயர். சோதிக்கிற சிக்னலை எடுத்து வந்து ஸ்கோப்புக்குக் கொடுப்பது. அதன் கழுத்தில் ஒரு பொடித் திருகாணி; இரும்பு பட்டால் அலை ஆடும் என்பதால் பிளாஸ்டிக் திருப்புளியால்தான் அதைத் திருகுவார்கள். ஸ்கோப்பே ஒரு சதுர அலையைத் தரும். அதைப் புரோப்பால் தொட்டு, திரையில் சதுரம் மட்டமாக நிற்கும்வரை திருக வேண்டும். கூடிப்போனால் சதுரத்தின் மூலையில் கொம்பு முளைக்கும். குறைந்தால் தோள் சரியும். இவ்வளவுதான் வித்தை. காத்திருக்கத் தெரிந்தவனுக்கு ஒருமுறை திருகினால் போதும். பேச்சிமுத்து பத்து நிமிஷத்தில் திருகி, அது நகர்ந்ததும் மறுபடி திருகி, மறுபடியும் திருகுவார்.

லேபைக் கூட்டி, ஸ்டோர் சாவியையும் வைத்திருக்கும் செல்லக்கிளி வேடிக்கை பார்ப்பாள். "பேச்சிண்ணே, அந்தத் திருகாணிக்கு வாயிருந்தா கதறியிருக்கும்."

எப்படியோ ஆறும் சரியாகின. ஆயுதபூசை வந்தது.

பேச்சிமுத்து சாமி இல்லை என்கிற கட்சி. போன இடத்திலெல்லாம், "மெஷினுக்குப் பொட்டு வச்சா வோல்டேஜ் கூடுமா?" என்று கேட்டுவிட்டுப் பொரிகடலையை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். இந்த வருஷம் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார், கையில் பாண்டியம்மாள் அரைத்துக் கொடுத்த சந்தனக் கிண்ணத்தோடு. ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் திரைக்கு மேலே நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மனசு ஆறவில்லை. சிக்னல் நுழைகிற வாய் அல்லவா முக்கியம் என்று, புரோப்பைச் செருகும் வட்டச் சாக்கெட்டிலும் ஒரு விரல் அப்பினார்.

"சாமியே இல்லேன்ட்டு இம்புட்டுச் சந்தனமாண்ணே?" என்றாள் செல்லக்கிளி.

"சும்மா கெட. ஊரோட ஒத்துப் போறேன்."

மறுநாள் விஜயதசமி. விடிந்ததிலிருந்து மழை, குடோன் தரையே வேர்த்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத்தானே எடுக்கவேண்டும்? எடுத்தார். சுவிட்சைப் போட்டார். முதல் ஸ்கோப்பில் சதுரத்துக்குக் கொம்பு. இரண்டாவதிலும் கொம்பு. ஆறிலும்.

திருகினார். கொம்பு அடங்கியது. அதை அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். திரும்பி வந்து மறுபடி போட்டால் முதலாவது வேறு மாதிரிக் கோணியிருந்தது. அன்று முழுவதும் அந்த ஆறையும் சுற்றிச் சுற்றி வந்தார். வால்வைச் சந்தேகப்பட்டார், கரண்டைச் சந்தேகப்பட்டார், உக்கிரபாண்டி போன ஏலத்தைச் சந்தேகப்பட்டார். நாள் முழுக்கக் கண்ணெதிரே இருந்த சந்தனத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. பூசைச் சந்தனத்தை யார் துடைப்பார்கள்?

மறுநாள், குழு வருகிற காலையில், துறைத் தலைவர் மலைச்சாமி எட்டிப் பார்த்தார். ஆறும் ஓடிக்கொண்டிருந்தன, பேச்சிமுத்து முதலாவதைச் சதுரமாக்கிவிட்டு இரண்டாவதன் மேல் குனிந்திருந்தார். மலைச்சாமி செல்லக்கிளியை வெளியே அழைத்து ஏதோ சொன்னார். அவள் வந்து, லேபில் இருந்த ஒரே பிளாஸ்டிக் திருப்புளியைப் பேச்சிமுத்துவின் விரலிலிருந்து உருவினாள்.

"ஏய், குடு!"

"சார் சொல்லிட்டாரு. இது உங்க கையில இருந்தா ஆறையும் கொன்னுருவீகளாம்." ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குழுவுக்கு வடை சுடுகிற இடத்துக்குப் போய்விட்டாள்.

வெறும் கையோடு பேச்சிமுத்து வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். செய்ய ஒன்றுமில்லாததால் முதல் திரையையே முறைத்தார். சற்றுமுன் மட்டமாக நின்ற சதுரம் மெதுவாக உயர்ந்தது, மூலை மழுங்கியது, தோள் சரிந்தது. யாரும் தொடவில்லை.

"எவன்டா திருகுறது?" என்றார் அதனிடம்.

பக்கத்துத் திரையிலும் அதே நகர்வு. சூடு ஏற ஏற ஏதோ ஒன்று மாறுகிறது. சாக்கெட்டைத் தொட்டார். விளிம்பில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. புரோப்பைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே, நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில், ஈரச் சந்தனம் பாலம் போட்டிருந்தது. சிக்னலை அது வழியில் மறித்துக் குடித்திருக்கிறது. அரைமணி நேரம் சும்மா விட்டிருந்தால் நேற்றே காய்ந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஆறு வாயையும் துடைத்தார். இப்போது ஆறிலும் தோள் சரிந்து கிடந்தது. நேற்று முழுக்க அவர் திருகியது சந்தனத்துக்காக அல்லவா? திருப்பித் திருக வேண்டும். திருப்புளியோ ஸ்டோருக்குள். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை எடுத்து ஒரு பல்லை ஒடித்தார். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கித் திருகாணியில் நுழைத்தார். முதலாவது நிமிர்ந்தது. இரண்டாவதில் பல் முறிந்தது, இன்னொன்று. நாலாவது நிமிர்ந்தபோது குழு உள்ளே வந்துவிட்டது.

குழுவில் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர், வேறொரு கல்லூரிப் பேராசிரியர், நாலையும் பார்த்துத் தலையாட்டினார். ஐந்தாவதில் நின்றார். "இதென்ன, தோள் தொங்குது?"

மலைச்சாமி கூரையைப் பார்த்தார். "வரும்போதே அப்பிடித்தான் சார் வந்துச்சு" என்றார் உக்கிரபாண்டி.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழி பெங்களூரோடு போய்விடும். ஆனால் நிமிர்த்தக்கூடியதைக் கோணல் என்று சொல்லப் பேச்சிமுத்துவுக்கு நாக்கு வரவில்லை.

"மெஷின் மேல தப்பில்ல சார். பூசைக்கு நான் வச்ச சந்தனம் சாக்கெட்டுக்குள்ள எறங்கிருச்சு. அது தெரியாம கண்டபடி திருகிட்டேன். இப்ப நேராக்குறேன், பாருங்க."

சீப்புப் பல்லை நுழைத்து மெல்லத் திருகினார், நிறுத்தினார், பார்த்தார், மறுபடி மயிரிழை திருகினார். சதுரம் மட்டமாக நின்றது. ஆறாவதையும் அப்படியே நிமிர்த்தினார்.

ஒல்லி மனிதர் மற்றவர்கள் முன்னே போகும்வரை பொறுத்து, காதோரம் குனிந்தார். "எதுலய்யா துடைச்சீங்க?"

"ஸ்பிரிட்டுல சார்."

"எங்க லேப்ல ரெண்டு ஸ்கோப்பு முந்தாநாள்ல இருந்து இப்படித்தான் கிடக்கு. வால்வெல்லாம் மாத்திப் பாத்துட்டோம்."

டீ முடிந்து கார் போனதும் உக்கிரபாண்டி ஓடி வந்து அவர் தோளில் அறைந்தார். "அந்தக் கண்ணாடிக்காரரு லேபு பிரமாதம்னுட்டாரு மாப்ள! இந்த ஆள விட்றாதீகன்னாரு. இனி நீ நிரந்தரம். எங்கிட்டும் போக முடியாது!"

கடைசி வாக்கியம் பேச்சிமுத்துவின் காதில் ஷட்டர் இறங்குகிற சத்தத்தோடு விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் பாண்டியம்மாளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள்.

"நிரந்தரமாவா?"

"ஆமா."

"எம்புட்டு நாளைக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்காததால் அடங்கியது. உள்ளே மகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் எங்கயும் போக மாட்டேன்" என்றார்.

மகள் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.