உறையாத பன்னிரண்டு குழாய்கள்

விருத்தாசலத்தை விட்டு ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிறகுதான் கால்சட்டைப் பையிலிருந்த சாவி தொடையில் குத்துவது தெரிந்தது. கொட்டகைச் சாவி. தொலைந்துவிடாமல் இருக்க அதன் வளையத்தில் உடைந்த பீங்கான் பியூஸ் கட்டை ஒன்றைக் கோத்து வைத்திருந்தேன். கருவேப்பிலங்குறிச்சிச் சாலையில் சித்திரை வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஆதார் அட்டை. எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து எத்தனையோ ஊர்களை நான் இப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன். ஓரிடத்தில் தப்பு நடந்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன் கிளம்பிவிடுவேன். இரண்டு நாள் பசிக்கும், ரயில் நிலையத்தில் படுக்க வேண்டியிருக்கும், பிறகு வேறு வேலை கிடைக்கும். ஆனால் எந்த ஊரின் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்ததில்லை. திரும்பிப் போய்க் கொடுக்கவும் பயம், தூக்கி எறியவும் பயம். கையில் இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன்.

கொட்டகையை நடத்திய மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். வெளியூரில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்து, பீங்கான் கம்பெனிகளுக்கு நடுவில் காலியாகக் கிடந்த கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். பக்கத்தில் பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சூளை. எங்கள் பக்கத்தில் என்ன தயாராகிறது என்பது யாருக்கும் புரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டதற்கு மேடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“நம்ம ஒடம்புல புரதம் நூலு மாதிரி உருவாவுதுங்கண்ணே. அது சரியா மடிஞ்சாதான் வேலைக்கு ஆவும். அதுல அங்கங்க கந்தகம் இருக்குது. ரெண்டு ரெண்டா கோத்துக்கிட்டாதான் மடிப்பு கலையாம நிக்கும். ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டற மாதிரி. ஒரு கொக்கி எடம் மாறி மாட்டிக்கிச்சுன்னா முழு ஜாக்கெட்டும் கோணிக்கிட்டு நிக்கும் பாருங்க. அதக் கழட்டி சரியா மாட்டிவுட ஒடம்புலயே ஒரு நொதி இருக்குது. அதத்தான் இங்க செய்யறோம்.”

மனிதர்களின் நொதியை பாக்டீரியாவுக்குள் உண்டாக்கிப் பிரித்தெடுப்பார். மருந்துக்கான புரதம் கோணலாக மடிந்து வீணாகும் ஆய்வுக்கூடங்களில் இதைச் சேர்த்துப் பார்ப்பார்களாம். ரத்தம் கட்டுவதிலும் இதற்குப் பங்கு இருப்பதால், இதைத் தடுக்கும் மருந்தைத் தேடுகிறவர்களும் வாங்குவார்களாம். சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் குழாயில், அடியில் இரண்டு சொட்டு. அவ்வளவுதான் சரக்கு. அதற்குப் பயன்படுத்தும் ஒரு மருந்தின் நாற்றம் மட்டும் தெருமுனை வரை போகும். “என்னாய்யா, இன்னிக்கும் உங்க வூட்ல முட்ட அழுவிப்போச்சா?” என்று பக்கத்துக் கம்பெனி மேஸ்திரி சுவருக்கு மேலே தலையை நீட்டுவார். “உங்களுக்குந்தான் ஆம்லெட் போடறோம், வாங்க மேஸ்திரி” என்று மேடம் உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார்.

குழாய்களை மேடம் மட்டுமே தொடுவார். மூடிய பெட்டியை பஸ்ஸில் ஏற்றுவது, தரை துடைப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது ஆகியவை என் வேலை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம் பன்னிரண்டு குழாய் கேட்டிருந்தது. அவர்களுக்குச் சரக்கு பிடித்தால் தொடர்ந்து வாங்குவார்கள், இல்லையென்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று மேடம் சொல்லியிருந்தார். அதற்காக நாலு மாதம் உழைத்திருந்தார். அனுப்ப வேண்டிய நாளில் ஊரில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. “நீங்களே தெர்மாகோல் பெட்டில வச்சு ரெண்டு மணி பஸ்ஸுல போட்டுடுங்கண்ணே. போயிட்டு வரேன்” என்று காலையில் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

அன்று மாதாந்திர மின்நிறுத்தம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று தெரிந்தும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். நினைவு வந்து ஓடியபோது மணி பதினொன்று. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் பொட்டலங்கள் கல்லாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பன்னிரண்டு குழாய்களிலும் தண்ணீராக ஆடியது. மைனஸ் இருபது என்று மேடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மைனஸ் இருபதில் எது தண்ணீராக இருக்கும்? குழாய்த் தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். பன்னிரண்டும் உருகியிருந்தன. நாலு மாத உழைப்பு. தட்டை அங்கேயே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் கதவை மட்டும் பூட்டி, முதலில் கண்ணில் பட்ட சாலையில் நடக்கத் தொடங்கினேன். அது மேடத்தின் ஊருக்குப் போகும் சாலை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

இரண்டே காலுக்கு போன் அடித்தது. நாலாவது முறை எடுத்தேன்.

“பஸ்ஸுல போட்டாச்சாண்ணே?”

நடந்ததையும் நிற்கும் இடத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்பது கேட்டது.

“அய்ய, அது ஒறையாதுண்ணே. ஒறையக்கூடாதுன்னுதான் பாதிக்குப் பாதி கிளிசரின் ஊத்தியிருக்கேன். ரெண்டு மணி நேரம் கரண்டு இல்லன்னா மூடுன ஃப்ரீசருக்கு ஒண்ணும் ஆவாது. சரி, கொழாயெல்லாம் இப்ப எங்க இருக்குது?”

“மேச மேலங்க.”

“எந்த மேச?”

“செவுத்தோரம்.”

சிரிப்பு நின்றது. “பக்கத்துல இன்னிக்கு சூள போட்டிருக்காங்களா?” போட்டிருந்தார்கள். “நீங்க நிக்கற எடத்துலயே நில்லுங்க. நான் வரேன்.”

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போன அந்த வழி முழுவதும் அவர் வண்டியை விரட்டுவதிலேயே இருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டு வாங்கிப் பழகியவன் நான். கொட்டகையைத் திறந்ததும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அனல் முகத்தில் அடித்தது. மேடம் சுவரில் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டார்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் அதே இன்சுலினை மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, அந்த நாற்றமடிக்கும் மருந்தையும் கலந்தார். இன்சுலினின் கொக்கிகள் கழன்றால் தெளிவாக இருக்கும் நீர் பால்போலக் கலங்குமாம். தன்னாலும் கலங்கும், ஆனால் வெகு நேரமாகும். நொதி உயிரோடிருந்தால் சீக்கிரம் கலங்கும். முதல் குழாயில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில், ஃப்ரீசரிலேயே கிடந்த பழைய சரக்கில் ஒரு துளி. மூன்றாவதில் மேசை மேல் கிடந்ததில் ஒரு துளி. செல்போனில் நேரம் ஓடியது. நான் மூன்றாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் கலங்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது குழாய் சில நிமிடங்களில் மங்கி வெளுத்தது. என் டீக்கடைத் தாமதத்தால் எதுவும் கெடவில்லை என்பதற்கு அது சாட்சி. மூன்றாவது தெளிவாகவே நின்றது. அதில் கலக்கம் எட்டிப் பார்த்தபோது, ஒன்றும் சேர்க்காத முதல் குழாயும் கூடவே கலங்கிக்கொண்டிருந்தது. கெடாத சரக்கைக் கெட்டதென்று பயந்து ஓடி, அந்த ஓட்டத்தாலேயே நான் கெடுத்திருந்தேன்.

மேடம் என் முன்னாலேயே சென்னைக்குப் பேசினார். “எங்க சைடு தப்பு சார். சரக்கு சூடாயிடுச்சு. இப்ப செய்முறை கைக்கு வந்துடுச்சு, ஒரு மாசம் குடுங்க.” என் பெயரைச் சொல்லவில்லை. கொடுத்தார்கள் போலிருக்கிறது, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

“சாவியக் குடுத்துட்டுப் போங்கண்ணே.” குரல் தணிந்தேதான் இருந்தது. “தப்பு பண்ணதுக்கு இல்ல. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல? சொல்லாமப் போறவங்ககிட்ட இத நான் எப்படி வுட்டுட்டுப் போறது?”

பீங்கான் துண்டைக் கழற்றிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். அந்தத் துண்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை. என்னிடம் பதினேழு சாவிகள் உண்டு. நான் சாவியைக் கொடுத்து ஒரு மாதம் கழித்து மேடத்தின் பெட்டி சென்னை பஸ் ஏறியது. அதற்குப் பிறகும் பல பெட்டிகள் ஏறின. எதையும் நான் ஏற்றவில்லை. ஏறியதை மட்டும் பார்த்தேன்.

ஏனென்றால் சாவியைக் கொடுத்த அன்று இரவு நான் ரயில் ஏறவில்லை. மறுநாள் காலை மேஸ்திரியிடம் போய் நின்றேன். “முட்டக் கம்பெனி தொரத்திடுச்சா?” என்று சிரித்துவிட்டு, பிளாஸ்டர் அச்சுகளில் மண்கூழ் ஊற்றும் வேலையைக் கொடுத்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்டபோது சுவரோரத்தைக் காட்டினேன். “அங்க அனலு தாங்காதுய்யா” என்றார். பரவாயில்லை என்றேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஊற்றிக்கொண்டிருந்த வாளியை அப்படியே பிடித்தபடி நின்றேன். இன்னொரு கை, காலியாக இருந்த பையில் சாவியைத் தேடியது. சுவருக்கு அந்தப் பக்கம் மேடத்தின் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த அச்சுக்கு நகர்ந்தேன்.