ரீடிங் எல்லாம் சரியாகத்தான் இருந்தது

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய என் கணவர், தலை வலிக்கிறது, தண்ணீர் கொடு என்று உட்கார்ந்தார். நான் செம்போடு வருவதற்குள் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பழக்கதோஷம், ஐசியூவுக்குள் விடும்போதெல்லாம் திரையில் தெரிந்ததை ஒரு நோட்டில் குறித்தேன். நாடி 82. ஆக்சிஜன் 98. எல்லாம் வரம்புக்குள். உத்தனப்பள்ளியிலிருந்து வந்திருந்த கொழுந்தனாரிடம் “ரீடிங் எல்லாம் ஓகே தம்பி” என்றேன். அவர் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

ஞாயிறு காலை மருத்துவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“மூச்சு வென்டிலேட்டரோடதும்மா. அது ஓடறதாலதான் நாடி ஓடுது. அவரோடதுன்னு இதுல ஒண்ணும் இல்ல.”

மூளைச்சாவு (மூளை முழுவதும் மீளாமல் செயலிழப்பது) என்றார். நம்பிக்கை கொடுத்தது நான்தானே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மூச்சுச் சோதனையை (கருவியைக் கழற்றி, தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பது) நானும் பார்க்க வேண்டும் என்றேன். விட்டார்கள். அவர் மார்பு அசையவில்லை. மாலையில் மறுபடி செய்தார்கள். அப்போதும் இல்லை. அந்த நேரத்தையே இறந்த நேரமாக எழுதினார்கள்.

கருவியை எடுக்க என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கொழுந்தனார் பேப்பரைப் பிடித்துக்கொண்டார்.

“தொட்டா சூடா இருக்கறாரு அண்ணி. நீங்களே சாவடிக்கறீங்களா?”

“நான் போடலைன்னா அவரு மூச்சு விட்டுடுவாரா தம்பி? சொல்லுங்க, போடல.”

கொழுந்தனாருக்காகவே ஓர் இரவு பொறுத்தேன். திங்கள் காலை பேனா எழுதவில்லை; வேறு பேனா கேட்டு வாங்கிப் போட்டேன். அழுகை வரவில்லை. கருவியை எடுத்த பிறகும் இதயம் சில நிமிடங்கள் துடித்தது.

இதே கையெழுத்துக்காக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், பார்க்க வேண்டியதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனசு மரத்துத்தான் போகும். இன்றும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் தூங்குபவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

வருடத் திதிக்கு, கணவர் இறந்த நாளை ஐயர் கேட்டார். திங்கள் என்றால் கொன்றது நான்தான் என்றாகிவிடும். கொழுந்தனார் என்னைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை சாமி. சாயந்திரமே அண்ணன் போயிட்டாரு.”

அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.