எங்கள் மீன்குளத்துச் சரளைக்கு வந்த மவுசு

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து சரளைக்கல் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்கள் கண் என் முகத்தில் இல்லை... கையிலிருந்த கூடையில்.

இரத்தினபுரி மாவட்டத்து வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பின்னால் ஒரு சின்ன மீன்குளம் – ஒரு கட்டிலைப் போடுகிற அளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு நானே வெட்டி, நானே சீமெந்து பூசியது. காளான் வளர்ப்பு, தேனீப்பெட்டி, கித்தார் வகுப்பு என்று என் ஆசைகள் எல்லாம் மூன்று மாதத்தில் மூச்சை விட்டுவிடும். குளம் மட்டும் தங்கியது. எப்படி?

ரொம்ப எளிது. நான் திங்கள் முதல் வெள்ளி வரை இரத்தினபுரியில் போர்டிங்கில் இருக்கிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். குளத்தை அம்மா பார்த்துக்கொள்கிறார்.

ஆறு நாள் மலையேறிக் கொழுந்து பறிக்கிற அம்மா, ஏழாம் நாள் பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டுவார். பிறகு பீலிக் குழாயில் விழுகிற மலைத் தண்ணீரைப் பிடித்து வந்து நிரப்புவார். நான் வந்து மீனைப் போட்டோ எடுப்பேன். "பராமரிப்பே தேவையில்லாத குளம்" என்று ஸ்டேட்டஸும் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

போன மாதம் அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தா பாரு. இனிமே இத நான் தொடமாட்டேன். ஒரு மாசம் பாப்பேன். தண்ணி இப்பிடியே பச்சையா கெடந்துச்சுன்னா மீன ஓடையில விட்டுட்டு, குழிய மூடி போஞ்சி நட்டுருவேன். போஞ்சியாவது கறிக்கு ஆகும்."

அம்மா சும்மா மிரட்டுகிறவர் இல்லை. போஞ்சி விதை அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரத்தினபுரி பஸ் வளைந்து வளைந்து இறங்குகிற நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். குளத்து வேலையைக் குறைக்க என்ன வழி? மீனைப் பாதியாக்குங்கள் என்கிறார்கள். சாப்பாட்டைக் குறையுங்கள், ஒரு ஓரத்தில் செடி வளருங்கள் என்கிறார்கள். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மீனுக்குத் தீனியைக் குறைப்பதில் என்ன சாகசம் இருக்கிறது?

கடைசியாக ஒருவர், தண்ணீர் விழுகிற மூலையில் சரளைக்கல் போட்டு ஃபில்டர் செய்யலாம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

வேலையைக் குறைப்பது என்று முடிவெடுத்த நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? டவுனில் வீடு கட்டுகிற ஒருவரிடம் மிஞ்சிய ஆற்றுச் சரளையைக் கேட்டு வாங்கி, இரண்டு மூட்டை வேலையை வீட்டுக்கு ஏற்றியதுதான். ஏற்றி வந்தது நிஸ்தார் நானாவின் ஆட்டோ.

"தங்கச்சி, உள்ளுக்கு என்ன ஈக்கி? நல்ல பாரமா ஈக்கே."

"சரளைக்கல்லு நானா."

"எங்கத்த கல்லு?"

"மீன் குளத்துக்கு நானா."

அவர் கேட்டது எங்கிருந்து என்று. நான் சொன்னது எதற்கு என்று. மலைப்பாதை முழுக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறக்கும்போது, "சரி சரி, சொல்ல ஏலாட்டி பரவாயில்ல" என்றார்.

அதோடு விட்டேனா? கல்லைக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் பேசினில் கழுவினால் தண்ணீர் வடியாது. தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சிரிபால அங்கிள் வீட்டில் அகலமான மூங்கில் கூடை ஒன்று பார்த்த ஞாபகம். போய் வாங்கி வந்தேன். அவர் முப்பது வருஷமாக மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். குழியின் அடிச்சரளையை அந்தக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றித்தான் அவர்கள் மாணிக்கம் தேடுவார்கள்.

இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். யோசித்திருக்க வேண்டாமா?

அப்படித்தான் அந்த மூன்று பேரும் வந்து நின்றார்கள் – நிஸ்தார் நானா, சிரிபால அங்கிள், பக்கத்து வீட்டுச் செல்வம் மாமா.

முதலில் வாய் திறந்தது சிரிபால அங்கிள். "துவ, அப்பிடி ஆட்டக் கூடாது. சுத்தணும். பாரமான கல்லு அடிக்கு வரும்." மகளே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மீதியைத் தமிழில் சொன்னார்.

"எனக்குப் பாரமான கல்லு வேணாம் அங்கிள். அழுக்குப் போனாப் போதும்."

"ஹரி, ஹரி" – சரி, சரி – என்று அன்பாகச் சிரித்தார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

செல்வம் மாமா குறுக்கு விசாரணையில் இறங்கினார். "ஏன் டீச்சரு, மீனுக்கு எதுக்குக் கழுவின கல்லு? அதுல படுத்துத் தூங்கவா போகுது?"

"கல்லு மேல நல்ல பாக்டீரியா வளரும் மாமா. அது அழுக்கத் தின்னுரும்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மாமா மற்ற இருவர் பக்கமும் திரும்பினார். "கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு கல்லுல இருக்குதாம். சயன்ஸ் படிச்ச புள்ள சொல்லுது."

படிப்பு இப்படியும் கைகொடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்குமேல் கூடை என் கையில் இல்லை. சிரிபால அங்கிள் வாங்கிக்கொண்டார். நானா தண்ணீர் ஊற்ற, அவர் சுழற்ற, இரண்டு மூட்டையும் மளமளவென்று முடிந்தது. ஒவ்வொரு கூடையையும் வெயிலுக்குச் சரித்துப் பிடித்து மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சோடா மூடி கிடைத்தது. சோர்ந்தார்களா? செல்வம் மாமா நேராகப் போய் மம்பட்டியை எடுத்தார். குளத்துக்கு அடியில் பார்க்க வேண்டுமாம்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தார்.

"மம்பட்டியக் கீழ வை தம்பி. மண்ணுல ஒரு கொத்து விழுந்தா, மாணிக்கக் குழி வெட்டுறோம்னு நாளைக்கே தோட்டத்து ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. வீட்டு நெலத்துக்கு இன்னும் பேப்பரே கைக்கு வரல."

மம்பட்டி இறங்கியது. "அம்மா, நீயே சொல்லும்மா. இது மீனுக்குத்தானே?" என்றேன்.

அம்மா கழுவிய கல்லைக் கையால் ஒருமுறை அளைந்தார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் நாள்தான் அவரிடம் ஃபில்டரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தேன் – வாரம் ஒருமுறை கல்லை எடுத்துக் கழுவிப் போட்டால் போதும் என்று. "தண்ணி எறைக்கிறது போயி இப்ப கல்லு கழுவுறதா? அதுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

இப்போது அம்மா மூன்று பேரையும் நிதானமாகப் பார்த்தார்.

"மீனுக்குன்னுதான் சொல்லுது. கல்லு அந்த மூலையிலதான் கெடக்கும். வாராவாரம் எடுத்துக் கழுவணுமாம். என்னால ஏலாது. பாக்குறவங்க வந்து பாத்துட்டுப் போங்க."

கவனியுங்கள். ஒரு பொய் உண்டா?

அடுத்த ஞாயிறு காலையிலேயே மூவரும் ஆஜர். கலங்கல் தண்ணீரை இறைத்து அம்மாவின் கீரைப்பாத்தியில் ஊற்றினார்கள். கல்லைக் கழுவினார்கள், வெயிலில் பார்த்தார்கள், திரும்பப் போட்டார்கள். பீலித் தண்ணீரும் நிரப்பினார்கள். சிரிபால அங்கிளிடம் மெல்லக் கேட்டேன். "போன வாரம் பாத்த அதே கல்லுதானே அங்கிள்?"

"போன வாரம் வெயில் சரியில்ல துவ."

அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்துவிட்டு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவரை அப்படிப் பார்த்து எத்தனை காலம்? அழுக்குத் தண்ணீரை இறைக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. அடியில் ஏதோ இருக்கலாம் என்ற நினைப்புப் போதும், மனுஷர் மேடேறி வருகிறார்கள். வேலை குறைந்ததா? எங்கே குறைந்தது... அம்மா முதுகிலிருந்து வேறு முதுகுக்கு மாறியிருக்கிறது. இரண்டு வருஷமாக என் முதுகிலிருந்து அம்மாவுக்கு மாறியிருந்ததே, அதைப் போல.

அந்த உறுத்தலில்தான் அலுப்பான வேலைகளையும் செய்து முடித்தேன். பாதி மீன் பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குப் போயிற்று. தீனி ஒரு நேரம்தான். போன ஞாயிறு தண்ணீருக்கு அடியில் கிடந்த கல் தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். "சரி, கெடக்கட்டும்" என்றார். போஞ்சி வேலியோரத்துக்குப் போய்விட்டது. குளம் பிழைத்தது.

ஆனாலும் மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமை மனதில் கிடந்து குத்தியது. எங்கள் குளத்தில் மாணிக்கம் இல்லை, ஒரு துளியும் இல்லை என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் போட்டு உடைக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"நல்லா எழுது. இல்லன்னு பேப்பர்ல போடுற அளவுக்கு என்னமோ இருக்குதுன்னு இன்னும் நாலு பேரு வருவாங்க."