உப்பு பார்க்கும் உரிமை

"தொடையில போடு நைனா. கொழுப்பு ஒரு பொட்டு வரக்கூடாது. மேலிடம் பாத்துகினு கீது."

சொல்லிவிட்டுக் கோவிந்தராஜ் கைப்பேசியைக் கறிக்கடை பச்சையப்பனின் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். ஆவடியில் ஞாயிற்றுக்கிழமை காலை. கடை வாசலில் கூட்டம் முட்டுகிறது. திரைக்குள் மேலிடம் தெரிகிறது. குளித்து, திருநீறு பூசி, ஈரத்தலையில் துண்டு சுற்றிய வனஜா. கோவிந்தராஜின் மனைவி. பிறந்ததிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் வாயில் வைத்தறியாதவர்.

"அண்ணாச்சி, அந்த ஓரத்துல வெள்ளையா என்னமோ தெரியுதே?"

"அது ஜவ்வுக்கா."

"ஜவ்வோ கிவ்வோ, எடுத்துருங்க."

பச்சையப்பன் மறுபேச்சில்லாமல் சீவி எறிகிறார். "ஐயர் வூட்டு அம்மா பாஸ் பண்ணாதான் அண்ணாத்தைக்கு கறி" என்று பின்னாலிருந்து ஒருவர் நையாண்டி செய்கிறார். "ஐயர்லாம் இல்லபா, சைவப் பிள்ளை" என்று திருத்திவிட்டுக் கோவிந்தராஜும் சேர்ந்து சிரிக்கிறார். அவருக்கு இதில் வெட்கம் கிடையாது. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். எவர்சில்வர் தூக்கில் கறியை வாங்கி, மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, சைக்கிளில் மாட்டுகிறார். வழியில் எவரும் அந்தத் தூக்கைத் திறந்து பார்த்துவிட முடியாது, அவர் உட்பட.

வியாசர்பாடியில் பிறந்த ஆள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டர்னர். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. வனஜாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அதே தொழிற்சாலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் இரண்டு வரிசை தள்ளி வீடு. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடம் தூக்கிக் கொடுத்து வளர்ந்த காதல் அது. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எம் பிள்ளைக்குப் பிடிக்காதத வாயில திணிக்கப்படாது." கோவிந்தராஜ் அதற்கு மேலேயே போனார். பின்கட்டு வராந்தாவில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் அவரே வாங்கி வைத்தார். கறி தின்ற நாளில் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, பல் துலக்கிய பிறகுதான் ஹாலுக்குள் காலெடுத்து வைப்பார். வனஜா இதையெல்லாம் கேட்டதே இல்லை. "அவ கேக்கல. ஆனா அவ மூஞ்சி கேக்குதுல்ல?" என்பார் கோவிந்தராஜ்.

அந்த நாளில் பின்கட்டில் அவர் சமைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவார், ஊற்றுவார், ஊற்றிக்கொண்டே இருப்பார். தேங்காய், முந்திரி, அதற்கு மேல் கொழுப்புத் துண்டை வதக்கி ஒரு தாளிப்பு. அரைக்கிலோ கறியை ஒற்றை ஆளாக முடித்துவிட்டு, கட்டிலில் மல்லாந்து, "சொர்க்கம் மேலயா கீது? இங்கதான் கீது" என்று பெருமூச்சு விடுவார். வனஜா ஹாலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி ரசம் சாதம் சாப்பிடுவார். இருபத்தைந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே ஓடின. சண்டை இல்லை. சேர்ந்து சாப்பிட்டதும் இல்லை.

பிறகு நெஞ்சுவலி வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதுதான் ஒரு குட்டும் உடைந்தது. சாயங்காலம் வாக்கிங் போகிறேன் என்று கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போன மனிதர், நேராகப் போய் நின்ற இடம் ஸ்டேஷன் பக்கத் தள்ளுவண்டி. ஒரு நாள் ஆட்டுக்குடல் போட்டி, ஒரு நாள் ஈரல், ஒரு நாள் ரத்தப் பொரியல். மருத்துவமனைக்குப் பார்க்க வந்த தொழிற்சாலை நண்பர் ஒருவர், "இனிமே வண்டிக்கு லீவு வுடு மாமே" என்று வனஜா காது கேட்கவே சொல்லித் தொலைத்தார். வீட்டுக்கு வந்ததும் வனஜாவுக்கு அப்பா வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிட்டது. கோபம் தலைக்கேறினால்தான் அவருக்கு அது வரும்.

"கறி தின்னீய, நான் ஏதும் சொன்னேனா? பொய்யில்லா சொல்லியிருக்கீய!"

ஸ்டென்ட் வைத்த இடத்தில் வலிக்காதது அந்தச் சொல்லில் வலித்தது என்று கோவிந்தராஜ் இன்றைக்கும் சொல்கிறார்.

இனி அந்த வீட்டில் கறி என்ற பேச்சே இருக்காது என்றுதான் குவார்ட்டர்ஸ் முழுக்க நினைத்தது. அவரும் மனதுக்குள் தலை முழுகிவிட்டார். ஆனால் வனஜா டாக்டரிடம் கேட்ட கேள்வி வேறு. "அடியோட வேண்டாங்கறீங்களா, இல்ல எப்படித் தின்னா ஆகும்னு சொல்றீங்களா?" டாக்டர் எப்படி என்று சொன்னார். கொழுப்பு நீக்கிய கறி வாரத்தில் ஒரு நாள், உள்ளங்கை அளவு. மீன் பொரிக்காமல். உப்பும் எண்ணெயும் குறைவாக. தட்டில் பாதி காய்கறி. கேட்டுக்கொண்டு வந்த வனஜா பின்கட்டுக் கரண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். "எனக்கு ஆகாதுங்கறதுக்காக உங்க வாயைக் கட்ட மாட்டேன். ஆனா இந்த வீட்ல கறி என் கண் முன்னாலதான் வேகணும். இன்னொரு தடவை சாப்பாட்டு விஷயத்துல பொய் வந்துச்சோ, சட்டியைத் தூக்கித் தெருவுல வச்சுருவேன்."

உள்ளங்கை விவகாரத்தில் மட்டும் கோவிந்தராஜ் கொஞ்சம் வழக்காடிப் பார்த்தார். அவருடைய கை சின்னது. அடுத்த வீட்டு யூசுப்புக்குக் கை முறம் மாதிரி. "டாக்டர் யார் கைன்னு சொல்லலியே, யூசுப் பாய் கைய வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். வனஜா முறைத்த முறைப்பில் வழக்கு தள்ளுபடியானது.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் தேறிவிட்டார். "மத்தியா? அத பூனை துன்னும்" என்று ஏளனம் பேசியவர், புதன்கிழமை மத்தி மீன் குழம்புக்குக் காத்திருக்கிறார். கறிக்குப் பக்கத்தில் வனஜாவுடைய அவரைக்காய்ப் பொரியலும் கீரைக் கடைசலும் தட்டில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. "புல்லு பூண்டு" என்று அவற்றுக்கு அவர் வைத்த பெயர் மாறவில்லை. ஆனால் முதலில் காலியாவது அந்தப் பக்கம்தான். இன்னொன்றும் மாறியிருக்கிறது. வனஜா இப்போது டிவி முன்னால் உட்காருவதில்லை. மேஜையில் அவருக்கு எதிரே, தன் சாம்பார் சாதத்தோடு உட்காருகிறார். காவல் என்றுதான் பேர். காவலுக்கு உட்கார்ந்தவர் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறார், பேச்சு முடியாமல் கை காய்ந்துபோகிறது. கோவிந்தராஜுக்கு உள்ளங்கையளவு கறியில் குறை தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறை ஒன்றே ஒன்று. உப்பு பார்க்கும் உரிமை அவருக்கு இல்லாமல் இருந்தது.

வனஜாவால் ருசி பார்க்க முடியாது. கோவிந்தராஜைப் பார்க்கச் சொன்ன முதல் வாரம், உப்பு பார்க்கிறேன் என்று நாலு துண்டை விழுங்கியிருந்தார். அன்றோடு அந்தப் பதவி மதிலுக்கு அப்பால் போய்விட்டது. யூசுப்பின் மனைவி சபீனா, ஆம்பூர்க்காரி. பச்சையப்பன் கடையில் அறுப்பது ஹலால் முறையில்தான் என்பதால் அவருக்கும் தடையில்லை. கறி இறங்கும் நேரத்துக்குப் பின்மதில் மேல் ஒரு சின்னக் கிண்ணம் போகும். "உப்பு பாரு சபீனா." சபீனா நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "அண்ணனுக்கு இதான் அளவுக்கா" என்பார். கோவிந்தராஜ் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கரண்டிக் குழம்பை நம்பித் தன் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று மனசு ஆறாது. வெளியில் ஒரு வாய் தின்று இரண்டு வருஷமாகிறது. கேட்பதற்கு வாய் வராது. கேட்டு வாங்குகிற சாமானா அது?

போன ஞாயிறு ஒரு கூத்து நடந்தது.

வனஜா கறியை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவிட்ட நேரம், வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்பி, வெங்காயம் வதக்கி, மிளகு போட்டு, ஏற்கெனவே போட்டது ஞாபகமில்லாமல் மறுபடியும் உப்புப் போட்டார். வழக்கம் போல் கிண்ணம் மதிலேறியது. சபீனா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்றுப் பொறுத்து வெறுங்கிண்ணம் வந்தது. "சரியா இருக்குக்கா."

தட்டு வந்தது. கோவிந்தராஜ் முதல் வாயை வைத்தார். அடேயப்பா, கடலைக் காய்ச்சி ஊற்றியது மாதிரி! எதிரே வனஜா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?"

"சரியா கீது" என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தனக்காகக் குமட்டலை அடக்கிக்கொண்டு சமைக்கிறவளிடம் குறை சொல்வதா? சொன்னால் அவள் மனம் விட்டுப்போய் நாளைக்கே அடுப்பை அணைத்துவிட்டால்? ஆனால் அதுவும் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு பொய்தானே. கோவிந்தராஜ் வாயிலிருந்ததை முழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"வனஜா, உப்பு கரிக்குது. இத நான் துன்னக்கூடாது."

வனஜாவின் முகம் மாறியது. "சபீனா சரின்னு சொன்னாளே!"

"அது இன்னாவோ தெரியல. கரிக்குது."

"அவளுக்குச் சரியா இருக்கது உங்களுக்கு மட்டும் கரிக்குமோ? இத ஒதுக்கிட்டு வெளிய போக வழி பாக்குதீயளா?"

உண்மையைச் சொன்ன நாளில்தானா இது விழ வேண்டும்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தவில்லை, சத்தியம் செய்யவில்லை. தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "நான் எங்கியும் போவல. மோர் ஊத்து, பொரியல தொட்டுகினு துன்னுட்டு பட்த்துக்கறேன்" என்றார்.

வனஜா எழுந்து பின்மதிலுக்குப் போனார். "சபீனா! நிஜமா ருசி பாத்தியா?"

முக்காட்டை இழுத்துவிட்டபடி சபீனா மதிலோரம் வந்து நின்றார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. நோன்பு ஆரம்பிச்சிட்டுது. நீங்க மறந்துட்டு நீட்டுனீங்க, வேணாம்னு திருப்பிக் குடுக்க மனசு வரல. சாயங்காலம் நோன்பு தொறக்கறப்ப சாப்பிடலாம்னு எடுத்து மூடி வச்சிருக்கேன். நீங்க எப்பவும் சரியாத்தானே போடுவீங்க, அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"ஐயோ, நோன்புக்காரிகிட்ட நீட்டினேனே! நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? கூறுகெட்டவ நான்தான்" என்று வனஜா தலையில் தட்டிக்கொண்டார். அப்போதுதான் கேஸ் சிலிண்டரும் அதற்கு முன்னால் போட்ட உப்பும் நினைவுக்கு வந்தன.

உள்ளே வந்தவர் கோவிந்தராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்ததை வழித்துக் குப்பையில் கொட்டினார். இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கிச் சட்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடி கொதிக்கவிட்டார். கொதி வந்தது, கிழங்கும் வெந்தது. கோவிந்தராஜ் வராந்தா நிலைப்படியில் தயங்கி நின்றார். வனஜா அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியை அவர் பக்கம் நீட்டினார்.

"நான் சொன்னது தப்புங்க. இனிமே நீங்களே உப்பு பாருங்க."

"நானா?"

"பின்ன, தெருவுல போறவனா? நான் போய்க் கொடியில துணியை எடுத்துட்டு வாரேன்."

போயே விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்கட்டில் கோவிந்தராஜும் சட்டியும் மட்டும். ஆவி மூக்கில் ஏறியது, காலையிலிருந்து வயிறு காலி. கரண்டியை விட்டு எடுத்தார். நன்றாக வெந்த தொடைத்துண்டு ஒன்று, மிளகு ஒட்டிக்கொண்டு, குழம்போடு மேலே வந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். கரண்டியைச் சாய்த்து அந்தத் துண்டைச் சட்டிக்குள்ளேயே நழுவவிட்டு, மிச்சமிருந்த குழம்பில் இரண்டு சொட்டை இடது கையில் விட்டு நாக்கில் வைத்தார்.