யாரோ கை வைத்த லேப்டாப்

என் வீட்டுக்காரருக்குக் காரியம் முடிந்த மறுவாரம், எங்கள் ஊர்க் காய்கறிகளை மலையிலிருந்து கீழே இறக்குகிற வேன் டிரைவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

“வத்தலக்குண்டுல பாய் கடையில குடுத்துவிட்டாங்க மதினி. அண்ணன் ஒங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்ததாம்” என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். பெட்டியை வைத்ததும் போய்விட்டார்.

பெட்டியின் மேலே இருந்த படத்தைப் பார்த்ததுமே புரிந்தது. லேப்டாப்.

மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிற வீடு எங்களுடையது. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். பாடமெல்லாம் போனில்தான். அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி வரும். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

“இரு புள்ள, லேப்டாப் வாங்கித் தாரேன். வாங்கித் தாரது மட்டுமில்ல, அத எப்படி ஓட்டுறதுன்னு நானே சொல்லியும் தாரேன்.”

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. “ஓட்டுறதுக்கு அது என்ன ஜீப்பா?” என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு அது பிடிக்கும். என்னைவிட அதிகமாக அவர்தான் சிரிப்பார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஜீப்பில் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்தப் பெட்டியை நான் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மடியில் வைத்துப் பிரிக்கப் போனபோதுதான் கவனித்தேன். கம்பெனி ஒட்டியிருந்த சீல் அறுந்திருந்தது. அதன்மேல் ஒரு டேப், அந்த டேப்பின்மேல் இன்னொரு டேப், அதற்கும் மேலே ஒன்று. பிரித்து மூடி, பிரித்து மூடி, எத்தனை தடவை என்றே தெரியவில்லை. உள்ளே லேப்டாப்பின் மூடியில் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. எழுத்துக் கட்டைகளில் நாலைந்து மட்டும் லேசாகப் பழுப்பேறிக் கிடந்தன. சார்ஜர் வயரை யாரோ முழங்கையில் போட்டுக் கயிறு சுற்றுவதுபோலச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கடையில் எவனும் அப்படிச் சுற்ற மாட்டான்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்று வந்தது சாதாரணக் கோபமில்லை. வாழ்நாளில் அவர் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பெரிய பொருள் இது ஒன்றுதான். அதிலும் எவனோ வாங்கி, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாங்கியவர் இல்லை, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தானே அனுப்பியிருக்கிறார்கள்? அழுது அழுது ஓய்ந்துபோயிருந்த எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்தது ஒருவகையில் தெம்பாகக்கூட இருந்தது.

ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடியைத் துடைத்தேன். கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இடுக்கில் இருந்த அழுக்கைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். வயரின் முடிச்சை அவிழ்த்து நேராக்கினேன். முகம் தெரியாத ஒருவனின் அழுக்கு என் புருஷன் வாங்கிய பொருளில் இருக்கக் கூடாது என்று ஒரு வெறி. துடைத்து முடித்தபோது அது புதுசாகத்தான் இருந்தது.

கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிற என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன்தான் அதை முதலில் போட்டுப் பார்த்தான். போட்ட உடனே அது பாஸ்வேர்டு கேட்டது.

“புது பீஸுன்னா இப்படிக் கேக்காதுக்கா. யாரோ யூஸ் பண்ணியிருக்காங்க. கன்ஃபார்ம்.”

“நான்தான் சொன்னேன்ல.”

“ஏதாச்சும் போட்டுப் பாப்பமா?”

“எவனோ போட்டது நமக்கு எப்படிரா தெரியும்?”

“அப்ப ரீசெட்தான் பண்ணணும். உள்ள இருக்கிறது எல்லாமே போயிரும்.”

“அழிச்சிரு” என்றேன். “ஒண்ணு விடாம அழிச்சிரு.”

அவன் அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அடுப்படியில் அவனுக்குத் தோசை ஊற்றினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. புருஷன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று பேசுவார்கள் என்று மாமியார் தடுத்தார். பேசட்டும் என்று, டேப் ஒட்டிய காலிப்பெட்டியைச் சாட்சிக்குக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளனே பஸ் ஏறினேன். மலை இறங்கும் வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். செத்த மனுஷனை ஏமாற்றியிருக்கிறீர்களே, இது அடுக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை. கல்லாவில் இருந்த பாய் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்கம்மா. உக்காருங்க. நானே வந்து கண்டிருக்கணும்.”

நான் உட்காரவில்லை. பெட்டியைக் கல்லாமேல் வைத்தேன். “இது புதுசாங்க? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, இது புதுசா?”

அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புதுசுதாம்மா. சீலை உடைச்சது ஒங்க வீட்டுக்காரர்தான்.”

எனக்கு விளங்கவில்லை.

“அவரு வாங்கி நாலு மாசத்துக்கு மேல இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போகல. இங்கயே இருக்கட்டும் பாய்னுட்டாரு. லோடு இறக்க வாறப்பல்லாம் மண்டியில சோலி முடிஞ்சதும் நேரா இங்க வந்துருவாரு. அந்தா அந்த ஸ்டூலுதான். பெட்டியப் பிரிச்சு, ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிப்பாரு. வேன் கெளம்புறப்ப மூடி டேப்பு ஒட்டிக் குடுத்துட்டுப் போவாரு.”

“எதுக்கு?”

“வீட்டுல சொல்லித் தாரேன்னு பெருசா வாய் விட்டுட்டேன் பாய், தெரியாதவனாப் போயி நிக்க முடியாதுன்னாரு. நானும் ரெண்டு தடவை சொன்னேன், அண்ணே, பூண்டு மூட்டையத் தூக்கிட்டு அப்படியே தொடாதீங்க, கறை ஒட்டும்னு. கழுவிட்டுத்தான் வருவாரு. பூண்டுக் கறை கழுவினாப் போற கறையா?”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூட்டை கட்டுகிற கயிற்றை அவர் முழங்கையில் சுற்றுவதை ஒரு நாளா இரண்டு நாளா பார்த்திருக்கிறேன். அந்த வயரை நான்தான் நேராக்கினேன். அந்தப் பெருவிரலை நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.

“என்ன அடிப்பாருங்க?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா. எட்டிப் பாத்தாக் கைய வச்சு மறைச்சுக்குவாரு. ஆனா நெறைய அடிச்சு வச்சிருந்தாரு. கடைசியா வந்தப்ப பாஸ்வேர்டு போடக் கேட்டாரு, காட்டிக் குடுத்தேன். மறந்துட்டா வம்புண்ணே, எங்கிட்டயாச்சும் சொல்லி வைங்கன்னேன். சிரிச்சாரு. ‘ஒனக்கு எதுக்கு பாய்? அவளுக்குத் தெரியும்’னாரு.”

பாய் டீக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார். “தொறந்துட்டீங்கள்லம்மா?”

“தொறந்தாச்சுங்க” என்றேன்.

சண்டைக்குக் கொண்டுபோன பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளாக வந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் மட்டும் அவர் என்னைக் கூப்பிடுகிற பேர். பிள்ளைக்கு வைக்க நினைத்து வைக்காமல் விட்ட பேர். கல்யாணமான புதிதில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஊர். ஒவ்வொன்றும் அவர் போட்ட பாஸ்வேர்டாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. போட்டுப் பார்க்கத்தான் இப்போது அங்கே பூட்டு இல்லை.